மிஷினை நிறுத்தச் சொன்ன நாள்

திரும்பி வந்த காலண்டர் கட்டை என் மேசைமேல் போட்டுவிட்டு, சூப்பர்வைசர் அண்ணாச்சி எல்லார் முன்னாலும் கேட்டார்.

"பாக்கியம், இத பாத்துத்தான அனுப்புன? பதினாலாந்தேதி ரெண்டு இருக்கு, பதினஞ்சக் காணோம். இன்னொரு தப்பு வந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுவேன்."

நான் தலையைக் குனிந்து நின்றேன். 2007-ஆம் வருடம், ஆவணி மாதம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில், தினசரி காலண்டர் பிரிவில் எனக்கு வேலை. பத்து வருடம் தாள் அடுக்கிக்கொண்டிருந்த என்னை அந்த ஆடியில்தான் செக்கிங்கில் உட்கார வைத்திருந்தார்கள். மற்றப் பெண்கள் தேதி வரிசையாக அடுக்கித் தருவதைப் புரட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். கல்குவாரியில் முதுகில் அடிபட்டு என் கணவர் வீட்டோடு இருந்தார். இந்த வேலை போனால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

ஆனால் என்னை அழவைத்தது அது அல்ல. அந்தத் தப்பை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் சொல்லவில்லை.

அந்தக் கட்டை அடுக்கியவர் பாப்பாத்தி அக்கா. என்னைவிட மூத்தவர், வாய்த்துடுக்கு. "ஏ பாக்கியம், வாயத் தொறந்தா முத்து உதுந்துருமாக்கும்?" என்று தினமும் கேலி செய்வார். அவரிடம் போய்த் தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கட்டை அப்படியே அனுப்பிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். எட்டாம் வகுப்பில், வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லக்கூடக் குரல் வராமல் அடி வாங்கியவள்.

மறுநாளிலிருந்து தினமும் விடிகாலையில், கம்பெனி வேன் வருமுன் அடுப்படியில் முழங்காலில் நின்று ஜெபித்தேன். 'ஆண்டவரே, தப்பைப் பார்க்கிற கண்ணைக் கொடுத்தீர். அதைச் சொல்லுகிற வாயையும் கொடும். வேலையைக் காப்பாற்றும் என்று கேட்கவில்லை. வேலையை உண்மையாகச் செய்ய வையும்.' இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. தப்பு கண்டால் தாளை நானே எடுத்து மாற்றி வைப்பேனே தவிர, யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஜெபத்தை விடவில்லை.

தீபாவளி முடிந்த மறு வாரம், சாத்தூர்ப் பக்கத்துச் சபை ஒன்றின் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்தவப் பண்டிகைகள் போட்ட தனிக் காலண்டர். முதலில் அச்சான தாள்களை வெட்டி, ஒரு கட்டு மட்டும் அடுக்கி என்னிடம் தந்தார்கள். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருபொழுது இருப்பது என் வழக்கம். புதுக் காலண்டர் கைக்கு வந்ததும், லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஞாயிறுகளை விட்டு நாற்பது நாள் எண்ணிப் பார்ப்பேன். நாற்பதாவது நாள் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையாக இருக்கும். அன்றும் எண்ணினேன். பிப்ரவரி 6-இல் தொடங்கி, நாற்பதாவது தாள் மார்ச் 22. அப்படியானால் அதற்கு முந்தின நாள் பெரிய வெள்ளி. ஆனால் அந்தத் தாள் சாதாரணக் கறுப்பில் இருந்தது. 'பெரிய வெள்ளி' என்று சிவப்பில் அச்சாகியிருந்தது ஏப்ரல் 4-இல், ஈஸ்டர் ஏப்ரல் 6-இல்!

மூன்று முறை எண்ணினேன். என் கை நடுங்கியது. 'ஆண்டவரே, இப்போது' என்று மட்டும் சொன்னேன். எழுந்து, பெண்கள் யாரும் போகாத மிஷின் அறைக்குள் போனேன்.

"மிஷின நிறுத்துங்க!"

அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது. பின்னாலிருந்து பாப்பாத்தி அக்கா, "ஆத்தாடி, இது பாக்கியமா!" என்றது கேட்டது.

அண்ணாச்சி ஓடி வந்தார். கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற குருசாமியும் வந்தான். நான் காட்டியதும் அவன் சிரித்தான்.

"அந்தச் சபையில குடுத்த பேப்பர்ல மார்ச்சுன்னுதான் அண்ணாச்சி இருந்துச்சு. பெரிய வெள்ளி ஏப்ரல்லதான வரும்? இந்த வருசமும் ஏப்ரல்தான். பாவம், தப்பா எழுதிட்டாகன்னு நாந்தான் சரி பண்ணிவிட்டேன்."

அண்ணாச்சி போதகருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

"ஏம்மா, இன்னைக்கு லோடு ஏத்தணும். நீ சொல்றது தப்பா இருந்துச்சுன்னா, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம். சம்மதமா?"

"சம்மதம் அண்ணாச்சி. வரல. ஆனா இப்ப நிறுத்துங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மிஷின்மேனைப் பார்த்துக் கையைக் காட்டினார். மிஷின் நின்றது.

அரை மணி நேரம் கழித்துப் போதகரே கூப்பிட்டார். மார்ச் 21 தான் என்றார். அடுத்த வருடம் ஈஸ்டர் ரொம்பச் சீக்கிரம் வருகிறது, அதனால்தான் அடிக்கோடு போட்டு எழுதிக் கொடுத்தோம் என்றாராம். குருசாமி அந்தப் பேப்பரைத் தேடி எடுத்தான். அடிக்கோடு இருந்தது.

"நல்லவேளை பாக்கியம், சபை முழுக்க நம்மளச் சிரிச்சிருக்கும்" என்றார் அண்ணாச்சி.

அந்த இடத்திலேயே, வாய் மூடிக்கொள்ளுமுன் மற்றதையும் சொல்லிவிட்டேன். "ஆவணியில திரும்பி வந்த கட்டு, அந்தத் தப்ப நான் பாத்தேன் அண்ணாச்சி. பயந்துக்கிட்டுச் சொல்லல."

"அதையும் ஏன் இப்பச் சொல்ற? யாரு கேட்டா?" என்றார். கோபம் இல்லை. அடுத்த சீசனுக்குச் செக்கிங் பிரிவு முழுவதையும் என் பொறுப்பில் விட்டார். இன்று என்னோடு ஆறு பெண்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். தப்பு கண்டால் யார் அடுக்கியது என்று பார்க்காமல் உடனே சொல்ல வேண்டும் என்பதுதான் நான் வைத்திருக்கும் ஒரே சட்டம்.

என் கூச்சத்தைக் கர்த்தர் முழுவதும் எடுத்துவிடவில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்க இன்றும் கால் நடுங்கும். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். ஆனால் வாய் திறக்க வேண்டிய வேளையில் அவர் என்னைக் கைவிட்டதே இல்லை.

வேலை செய்யும் இடத்தில் பயத்தோடு இருக்கிற சகோதரனே, சகோதரியே, உங்கள் தையல் மிஷினும் மருந்து அறையும் ஆபீஸ் மேசையும் அவருக்குத் தெரியாத இடம் அல்ல. பதில் தாமதமானாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். அந்த வேளை வந்ததும், நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்காமல், நடுங்கிக்கொண்டே எழுந்து போங்கள். அவர் கூட வருவார்.