ஆடிக்கு முந்தின நாள் காய்ச்சிய பால்

அது எட்டாவது வீடு. அதற்கு முன் பார்த்த ஏழு வீட்டுக்காரர்களும் போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சார் என்ன பண்றார்?" என் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றதும் குரல் இறங்கும். வீட்டில் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்பார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. ஆவடியில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸை ஆடி பாதிக்குள் காலி செய்தாக வேண்டும். பாரிவாக்கம் பக்கம் போனால் உடனே கிடைக்கும் என்று ஆபீஸில் சொன்னார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூடம் அம்பத்தூரில். அதனால் அம்பத்தூர்தான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கட்டடம். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, வெளிச்சுவரெல்லாம் பாசி. இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீட்டை மட்டும் உடைத்துப் புதுசாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஹால், ஒரு ரூம், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடுகிற சமையலறை. பழைய கடப்பாக் கல் போய் கிரானைட் வந்திருந்தது. மகள் நேராக பால்கனி ஓரம் போய், "என் டேபிள் இங்கதாம்மா" என்றாள். எனக்கும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

வீட்டுக்கார அம்மா கீழ் வீட்டில் தனியாக இருந்தார். எழுபது வயதிருக்கும். சார் என்ன பண்றார் என்று அவர் கேட்கவில்லை. புரோக்கர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"ஊடு உனுக்குத்தான். ஆனா ஆடி பொறந்துட்சின்னா சாவி தரமாட்டேன், சொல்ட்டேன். பொதன்கெழமைக்குள்ள பால் காய்ச்சிடு. அப்பால சாமான எப்ப வேணா எறக்கிக்க. இன்னொண்ணு, பால நீ காய்ச்சாத. யாராச்சும் சுமங்கலியக் கூட்டிகினு வா. இல்லாங்காட்டி ஊட்டுக்கு ஆவாது."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஏழு பேரில் யாராவது சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இவர் தலைக்கு மேலேயே மாலை போட்ட கணவர் படம் தொங்குகிறது. நீங்களுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. வீடு வேண்டுமே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆவடி போகும் பஸ் முழுக்க மனதுக்குள் சண்டை. நாத்தனாருக்கு ஒரு போன் போட்டால் வந்துவிடுவாள், வேலை முடிந்தது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். என் வீட்டுப் பாலை நான்தான் காய்ச்சுவேன்.

"வீடு போயிடும்மா" என்றாள் மகள்.

"போனா ஒம்பதாவது பாப்போம்" என்றேன்.

புதன்கிழமை காலை பால், புதுப் பாத்திரம், சாமி படம், உப்பு, மஞ்சளோடு இருவரும் போனோம். சமையலறை வாசலில் டைல்ஸ் மேஸ்திரி கையை நீட்டி மறித்தார். "அக்கா, உள்ள கால வெக்காத! நேத்து சாயந்தரம்தான் ஒட்னேன், இன்னும் காயல." சரி, ஹாலில் காய்ச்சலாம் என்று கொண்டுபோன கரண்ட் அடுப்பை எடுத்தால், பிளக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒயர் தொங்கியது. நல்ல நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரியே பால்கனியில் மூன்று செங்கல்லை வைத்து, பிடுங்கிப் போட்டிருந்த பழைய ஜன்னல் சட்டத்தை உடைத்துப் பற்ற வைத்துக் கொடுத்தார். புகை கிளம்பியது.

அந்தப் புகைதான் வீட்டுக்கார அம்மாவை மேலே வரவழைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"இன்னாம்மா இது? காய்ச்சற ஆளு எங்க?"

"நான்தாம்மா ஆளு."

"நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பண்ற?"

மூன்று நாளாக ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துபோனது. "ரெண்டு வருஷமா இவளுக்கு தினமும் பால் காய்ச்சிக் குடுக்கிறது நான்தான். இவளுக்கு ஒண்ணும் ஆகல. வீட்டுக்கு மட்டும் எப்படிம்மா ஆகாமப் போகும்?" என்றேன். எழுந்து போ என்று அவர் சொன்னால் போகத்தான் வேண்டும். பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பால் நுரைத்து ஏறி, பொங்கி வழிந்து, நெருப்பில் சீறியது.

முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "உள்ள வந்து குடிங்கம்மா."

அவர் கை நீட்டவில்லை. "நசரத்பேட்டைல எம் புள்ள ஊடு கட்னான். பால் காய்ச்சற நேரத்துல என்ன மாடிப்படில குந்த வெச்சிட்டாங்க. எல்லாம் முடிஞ்சப்பறம்தான் கூப்ட்டாங்க. நானும் ஒண்ணியும் சொல்லல" என்றார்.

இத்தனை நாள் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அழுகைதான் வந்தது. கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து குடித்தார். "சக்கர பத்தல" என்றார். பால்கனிச் சுவரில் கரி ஏறியிருந்ததைப் பார்த்து, புதுப் பெயின்ட் பாழாய்ப் போச்சு என்று மேஸ்திரியை ஒரு பிடி பிடித்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மகள் கையில் வைத்தார்.

வாசலைத் தாண்டியவர் திரும்பி, எதிரே பூட்டியிருந்த வீட்டைக் காட்டினார்.

"ஆவணில இந்த ஊடும் ரெடியாயிடும். இதுக்கு நான்தான் பால் காய்ச்சுவேன். வர்றவங்க இன்னா வேணா சொல்லட்டும். நீ வந்து எம் பக்கத்துல நில்லு."