உரக்கடைக்குப் போன புத்தகப் பை

பக்கத்து வீட்டுக்காரரோடு எனக்குப் பேச்சு நின்றுபோய்ச் சில நாளாகிறது. வங்கியில் வேலை பார்ப்பவர். நாகரிகமான மனிதர், தஞ்சாவூரில் இந்தத் தெருவிலேயே குப்பையைப் பிரித்துப் போடுகிறவர் அவர் ஒருவர்தான். காப்பிக்குக் கூப்பிட்டார்களே என்று போனேன். போன இடத்தில் சும்மா இருக்கலாம் அல்லவா? சமையலறைத் தொட்டிக்குக் கீழே என் கண் போயிற்று. பிறவிக் குணம், என்ன செய்வது. அங்கே கலர் பாட்டில் ஒன்று, ஆரஞ்சுக் குளிர்பானம் வந்தது, ஒட்டியிருந்த லேபிள்கூடக் கிழியாமல் இருந்தது. உள்ளே இருந்தது தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கிய கக்கூஸ் ஆசிட். அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் அவருடைய மகள், மூன்று வயசு, கிண்ணத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க பாப்பா அதெல்லாம் தொட மாட்டா டீச்சர். சொல்லி வச்சிருக்கோம்."

சொல்லி வைத்திருக்கிறார்களாம்! பாட்டிலை எடுத்துப் போய் அவர்கள் கக்கூஸிலேயே கவிழ்த்துவிட்டு, காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் அவர் செல்போனைப் பார்க்கிறார். நன்றாகப் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் மூக்கில் அந்த எரிச்சல் போகவில்லை. எனக்குச் சில வாசனைகளோடு தீராத பகை உண்டு. ஆசிட் வாடையைத் தொட்டுக்கொண்டு இன்னொரு வாடை வந்து நின்றது. மண்ணெண்ணெயில் அழுகின பூண்டைப் போட்டுக் கலக்கிய மாதிரி ஒரு வாடை. சம்பாப் பயிருக்கு மருந்தடிக்கிற நாட்களில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தலைமுடியில், சட்டையில், சில சமயம் சத்துணவுத் தட்டில்கூட அது இருக்கும். சிலருக்குத் தாழம்பூ வாசனையில் இளமைக்காலம் ஞாபகம் வருகிறதாம். கொடுத்து வைத்தவர்கள்.

அப்போதுதான் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறி, ஆற்றுப் பாலத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் வருகிற ஊர். ஓட்டுக் கூரைப் பள்ளிக்கூடம். நானும் ஹெட்மாஸ்டரும்தான் ஆசிரியர்கள். நான் குள்ளம். உயரத்தில் வைத்த குறையை ஆண்டவன் தொண்டையில் ஈடுகட்டியிருந்தான். மூன்றாம் வகுப்பில் நான் வாய்ப்பாடு சொன்னால் பாலத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கூடச் சேர்ந்து சொல்வார்கள் என்று ஹெட்மாஸ்டர் கேலி செய்வார். அவர் குரலோ அவருக்கே கேட்காது. ஓய்வு பெறுகிறவரை யாரோடும் மனஸ்தாபம் வரக்கூடாது என்பது அவர் வாழ்க்கையின் லட்சியம்.

அந்தப் பாலத்தடியில்தான் நாகரத்தினத்தின் உரக்கடை. உரம், பூச்சிமருந்து, விதைநெல் எல்லாம் அங்கேதான். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவரே. பள்ளிக்கூடத்து பெஞ்சு அவர் கொடுத்தது, மின்விசிறி அவர் கொடுத்தது. வருஷா வருஷம் மருந்துக் கம்பெனி இலவசமாகத் தருகிற நோட்டுகளையும் கொண்டுவந்து போட்டோ பிடித்துக்கொண்டு கொடுப்பார். அட்டையின் முன்பக்கம் மருந்துப் பாட்டில் படம், அதனடியில் ஒரு பூச்சி மல்லாந்து செத்துக்கிடக்கும். பின்பக்கம் வாய்ப்பாடு. பிள்ளைகள் அந்தப் பூச்சிக்கு மீசை வரைவார்கள். எனக்கு அந்த நோட்டைக் கையால் தொடவே பிடிக்காது.

உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நிலம் குத்தகைக்கு வைத்திருப்பவர்களுக்கு லிட்டர் டப்பா கட்டுப்படியாகாது. அதனால் நாகரத்தினம், சட்டப்படி கூடாது என்றாலும், சில்லறையாக ஊற்றிக் கொடுப்பார். என்ன பாட்டில் கொண்டுபோகிறீர்களோ அதில் மூடியால் அளந்து ஊற்றுவார். விடிந்தும் விடியாமலும் தெளிக்க வேண்டும் என்பதால் முதல் நாள் சாயங்காலமே வாங்கி வைப்பார்கள். அப்பனும் ஆத்தாளும் வயலில் நிற்கிற நேரம் அது. பாலத்துப் பக்கம் யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். ஆகவே காலையில் புத்தகப் பையில் காலிக் கலர் பாட்டில் ஒன்று வரும். சாயங்காலம் அது அடியில் மருந்தோடு, தமிழ்ப் புத்தகத்துக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். ஊரில் ஒருவருக்கும் இது தப்பாகப் படவில்லை. மண்ணெண்ணெய் வாங்கி வருவதுபோல இதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். எனக்கும் பல நாள் தெரியாது. எல்லாப் பையிலும்தான் கலர் பாட்டில் இருக்கிறதே, குடிதண்ணீருக்கு.

செல்வராணி என் மூன்றாம் வகுப்பு. எதைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பெண். பஸ் போர்டு, சுவரில் எழுதிய கட்சி விளம்பரம், என் கைப்பையில் இருந்த பவுடர் டப்பா, ஒன்றையும் விடமாட்டாள். அந்த ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பையில் இருந்த பாட்டிலை எடுத்து, அடிபம்பில் ஒரு தடவை அலசி, தண்ணீர் பிடித்துக் குடித்திருக்கிறாள். சாயங்காலம் மருந்து வாங்குவதற்காக அம்மா வைத்தனுப்பிய பாட்டில் அது. முந்தின வாரமும் அதில்தான் வாங்கியிருக்கிறார்கள்.

மணி அடித்து வகுப்புக்குள் வந்தவள் பெஞ்சில் சாய்ந்தாள். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்தது. சட்டை முழுக்க வியர்வை. அவள் பாட்டிலில் அந்தப் பூண்டு வாடை. அதையும் எடுத்துக்கொண்டு, அவளைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். பஸ் இல்லை. நாகரத்தினத்தின் உர லோடு ஏற்றுகிற வண்டிதான் நின்றது. ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூட்டைகளை இறக்கித் தள்ளிவிட்டு அவரே ஓட்டினார். அதை மறைக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து? பேர் என்ன? டப்பா எங்க?"

என் கையில் இருந்த பாட்டிலில் ஆரஞ்சுப் பழம் படம்தான் இருந்தது. நான் நாகரத்தினத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா, நேரமாகுது" என்றார் டாக்டர்.

நாகரத்தினம் தொண்டையைச் செருமினார். பிறகு டாக்டரின் காதுக்குப் பக்கத்தில் போய்ப் பெயரைச் சொன்னார். தயங்கியது கொஞ்ச நேரம்தான். வண்டி ஓட்டியதற்காக அந்த மனிதருக்கு எத்தனை நன்றி வேண்டுமானாலும் சொல்வேன். அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டாள். மறுநாளே கடைக்குப் போனேன். என் தொண்டையின் முழு உபயோகமும் அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"இனிமே பிள்ளைங்க கையில மருந்து குடுக்காதீங்க."

"குடுக்கல. அப்ப அப்பன் ஆத்தா வேலைய விட்டுட்டு வரணும். பாதி நாள் கூலி போகும். நீங்க குடுப்பீங்களா டீச்சர்?" என்றார், தராசைத் துடைத்துக்கொண்டே.

பாதி நாள் கூலியை எத்தனை வீட்டால் பெருக்குவது என்று கணக்குப் போட்டபடியே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். ஹெட்மாஸ்டரோ, "அவருதானம்மா வண்டி குடுத்தாரு" என்று முணுமுணுத்தார். அதற்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. பெண்ணைக் காப்பாற்றிய வள்ளல் ஆகிவிட்டார் நாகரத்தினம்.

வீட்டுக்குத் திரும்பிய செல்வராணி பள்ளிக்கூடம் வரவில்லை. ஆள் அனுப்பினேன், வரவில்லை. வீட்டுக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது, உள்ளே இருமல் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அம்மா பாக்கியம் தாளடி நடவில் இருக்கிறாள் என்றார்கள். நல்ல புடவையோடு வரப்பில் ஏறி நடந்தேன். நடவுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முதுகும் நிமிரவில்லை.

"பாக்கியம், பொண்ண ஏன் அனுப்பல?"

பாக்கியம் நாற்றைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். நான் இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தேன். ஈர வரப்பு என்னைத் தாங்கவில்லை, நேராகச் சேற்றுக்குள் முழங்கால் வரை இறக்கிவிட்டது. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை.

"எம்மேல போலீசுல கேஸு குடுக்கப் போறீங்களாமே. புள்ளகிட்ட வெசத்தக் குடுத்தனுப்புனேன்னு" என்றாள்.

"யாரு சொன்னா?"

"கடைக்காரருதான் சொன்னாரு. பொண்ண அனுப்புனா அதுகிட்டயே எழுதி வாங்கிக்குவீங்கன்னு."

சேற்றில் நின்றபடி நாகரத்தினத்தை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆசிரியப் பயிற்சியில் கற்றுக்கொடுத்தது அல்ல. திட்டி முடித்து, கேஸ் போடுவதானால் அவர் மேல்தான் போடுவேன் என்றேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்டபோது அவர் தரையைப் பார்த்ததைச் சொன்னேன். பாக்கியம் கையிலிருந்த முடியைக் கீழே போட்டாள். முடி என்றால் நாற்றுக் கட்டு.

"பேரச் சொல்ல யோசிச்சாரா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் கேட்ட கூலிக் கேள்வியையும் அவர்களிடமே கேட்டேன். நான் யோசித்து யோசித்து விடை தெரியாமல் விட்ட கணக்கு அது. வரிசையின் கோடியில் நின்ற வயசான பெண் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதுல என்ன இருக்கு? முறை வச்சு ஒருத்தி பொழுதோட கரையேறிப் போயி எல்லாருக்கும் வாங்கியாரட்டும். அவ பங்க நாங்க நட்டுடுறோம். கூலி கொறையாது."

அவ்வளவுதான். நடவுக் கொத்து என்பது ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் அவள் பங்கைச் சேர்த்து நடுகிற கூட்டம். பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் செய்ததை மருந்து வாங்கவும் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்து வாங்குவதால் சீல் உடைக்காத டப்பாவாகக் கேட்டார்கள். முதல் முறை, சேறு காயாத காலோடு பாக்கியமே போய்க் கடை வாசலில் நின்றாள். "படம் போட்டது வேணாம், பேரு போட்டது குடுங்க" என்றாளாம். நாகரத்தினத்தின் முகம் போன போக்கைப் பார்க்க நான் அங்கே இல்லாமல் போனேனே என்கிற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அடுத்த திங்கட்கிழமை செல்வராணி வந்தாள், குடிதண்ணீருக்கு மூடி போட்ட எவர்சில்வர் தூக்கோடு. டப்பாவோடு மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை வாங்கிவரச் சொல்லி, அதையே மூன்றாம் வகுப்புக்கு வாசிப்புப் பாடமாக வைத்தேன். பாடத்திட்டத்தில் இல்லை என்றார் ஹெட்மாஸ்டர். மேலிடத்துக்கு எழுதிப் போடுங்கள் என்றேன். எழுதவில்லை, அவர் எதையும் எழுத மாட்டார். விஷத்தின் கடுமையைக் காட்டுகிற சிவப்பு முக்கோணம் என்றால் என்ன, மஞ்சள் என்றால் என்ன என்று பிள்ளைகள் சண்டை போட்டுக் கற்றார்கள். செல்வராணி ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவுக்கு உட்கார்ந்து படித்துக் காட்டுவாளாம். "குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்கிற வரி வந்ததும் நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாளாம். பாக்கியம் சொல்லிச் சிரித்தாள். அந்த வருஷம் இலவச நோட்டு வரவில்லை. எனக்குப் பரம சந்தோஷம்.

பிறகு மாற்றலாகிச் சீர்காழிப் பக்கம் போனேன், அங்கே இங்கே என்று சுற்றி, வயசுக்கு முன்னாலேயே விருப்ப ஓய்வும் பெற்றேன். போன ஐப்பசியில் செல்வராணியின் மகளுக்குக் காது குத்து என்று கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாளே பாக்கியம் வீட்டுக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. பிள்ளை சேரவில்லை என்று மூடிவிட்டார்கள், பிள்ளைகள் மஞ்சள் வேனில் எங்கேயோ போகிறார்கள். நாகரத்தினம் செத்துப்போய்விட்டார், கடையை மகன் நடத்துகிறான். செல்வராணி இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பாக்கியம் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வாசலில், முன்னாலேயே வந்துவிட்டிருந்த அந்தக் குட்டி பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. டெலிவரி பைக் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அட்டைப் பெட்டி ஒன்றைக் குழந்தையின் இரண்டு கையிலும் வைத்துவிட்டுப் போன் எடுத்து அதைப் படம் பிடித்தான். பெட்டியில் சிவப்பு முக்கோணம். அதன் தாத்தா போனில் சொல்லி வரவழைத்த பூச்சிமருந்து.

நான் ஓடிப் போய்ப் பிடுங்கினேன். "ஏம்ப்பா, குழந்தை கையிலயா குடுப்ப?"

"வீட்டுல ஆள் இருந்தா குடுத்துட்டுப் போட்டோ எடுக்கணுங்க. புள்ளையும் ஆள்தானே?" என்றான். கேலி பண்ணவில்லை, நிஜமாகவே கேட்டான்.

பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து கிடந்த காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த முதுகு வலியை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்த நிமிஷம் கூடச் சேர்ந்து கத்த ஆள் வேண்டுமே என்று எதிர் வயலைப் பார்த்தேன். நடவு இயந்திரம் ஒன்று தனியாகப் போய்த் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவன் காதில் பாட்டு மாட்டியிருந்தான். நான் போட்ட கூச்சல் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும், ஒருத்தரும் கரையேறி வரவில்லை.