சிவநேசனுக்குப் போட்ட கதிரை

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் குடியிருப்பில் வீட்டுக்காரர் கூட்டம். குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு வீடுகள். கூரைக்குச் சோலார் போடுவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். தலைவர் ரஞ்சன் அண்ணை கையை உயர்த்தச் சொன்னார். பதினொரு கை உயர்ந்தது. ஏழாம் வீட்டு மதுரை அம்மாவின் கை மட்டும் தோள்வரை வந்து, பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்யப் போய்விட்டது. "பாஸ்" என்றார் அண்ணை. எல்லாம் இரண்டு நிமிடம்.

எனக்கும் சோலார் வேண்டும்தான். முதலில் உயர்ந்ததே என் கைதான். ஆனால் வீட்டுக்கு வந்து இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தேனா, அந்த மணம் மூக்கில் ஏறியதும் அந்த அரைக் கை என் முன்னால் வந்து நின்றுவிட்டது. இஞ்சி பிஸ்கட் மணத்துக்குள் எனக்கு எப்போதும் ஜோன் அன்ரி இருக்கிறார்.

நான் ஒரு கவலைக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்க ஸ்டேஷனிலிருந்து திரும்பி வருவேன். வந்தபின் ரயில் போய்விட்டதே என்று கவலைப்படுவேன். "கவலைப்பட ஒண்டுமில்லையெண்டால் அதுக்கும் கவலைப்படுவியள்" என்பாள் மனைவி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இடம்பெயர்ந்து போன ஊரில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நாங்கள்தான் குடியிருந்தோம், பிறகு எங்கே படிப்பது?

ஜோன் அன்ரியை முதலில் கண்டது வில்லாவுட் தடுப்பு முகாமின் பார்வையாளர் வரிசையில். நானும் சிவநேசனும் ஒரே படகில் அகதிகளாக வந்தவர்கள். என்னைத் தற்காலிக விசாவில் வெளியே விட்டார்கள். அவனை விடவில்லை. ஒவ்வொரு வியாழனும் பார்க்கப் போவேன். வரிசையில் எனக்கு முன்னால் எழுபது வயது வெள்ளைக்கார மனுசி, தோளில் துணிப்பை, பைக்குள் இஞ்சி பிஸ்கட். யாரென்றே தெரியாதவர்களைப் பார்க்க இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் ஏறி வந்திருந்தார். என் பழைய காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். ஒரு ஆளுக்காக ஒரு கார் ஓடக்கூடாதாம். கடைசியில் காரை வீட்டில் விட்டுவிட்டு நானும் அவரோடு ரயிலில் போகத் தொடங்கினேன். கடல் ஏறிவரும் தீவுகளைப் பற்றி ரயிலில் சொல்லுவார். உங்களைத் துப்பாக்கி துரத்தியது, அவர்களைத் தண்ணீர் துரத்துகிறது, இரண்டு பேருக்கும் கதவைத் திறப்பது ஒரே வேலைதான் என்பார். எனக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும். இது முழுதாக விளங்கியது.

'மிஸிஸ்' என்று கூப்பிட்டால் பிடிக்காது. அவர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவு. அவர்கள் பட்டம் வைத்து யாரையும் கூப்பிடமாட்டார்களாம், எல்லாரும் சமமாம். எழுபது வயது மனுசியை வெறும் 'ஜோன்' என்று கூப்பிட என் நாக்கு வளையவில்லை. அன்ரி என்றேன். அதுவும் பட்டம்தானே என்று கேட்டார். இல்லை, உறவு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, உறவென்றால் சரி என்றார்.

அவர்களின் ஞாயிறு கூட்டத்துக்கு நான் முதலில் போனது, உண்மையைச் சொன்னால், தேநீருக்காகத்தான். சின்ன மண்டபம், மர மடிப்புக் கதிரைகள், வட்டமாகப் பதினைந்து பேர். படம் இல்லை, விளக்கு இல்லை, பாட்டு இல்லை. எல்லாரும் சும்மா இருந்தார்கள். எங்கள் ஆட்களின் விழா ஒருமணி நேரம் பிந்தித் தொடங்குவது வழக்கம்தானே. இங்கேயும் சுவாமியார் பிந்திவிட்டார் என்று நினைத்தேன். இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஃபாதர் லேட்டோ?" என்று பக்கத்திலிருந்த அன்ரியின் காதுக்குள் கேட்டேன். அவர் தோள் குலுங்கச் சிரித்தாரே தவிரச் சத்தம் வரவில்லை. அந்தச் சும்மா இருப்பதுதான் பூசையே என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வியாழன் இதைச் சொன்னதும் சிவநேசன் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், நான் இஞ்ச ரெண்டு வருசமா சும்மா இருக்கிறன். அப்ப நானும் குவேக்கர்தான்."

ஒருநாள் அவனைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று கதை வந்தது. எந்த நாளும் நடக்கலாம். மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் குடிவரவு அலுவலகத்துக்கு முன்னால் அமைதியாக நிற்பது, கையில் சிவநேசனின் பெயரும் முகமும் பெரிதாகப் போட்ட பதாகை. முகம் என் போனிலிருந்து நானே கொடுத்த படம். நெட்டையான ஒரு பெரியவர் இரண்டு நாளாக எழுத்து வெட்டி ஒட்டியிருந்தார்.

அவர்களிடம் வாக்கெடுப்புக் கிடையாது. ஒருத்தருக்கு மனம் ஒப்பாவிட்டாலும் மேலே போகமாட்டார்கள். அன்றைக்குக் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு ஜோன் அன்ரிக்கு. எல்லாரும் ஒப்புகிறோமா என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தில் வந்து நின்றுவிட்டார்.

ஊரில் அவனுடைய அம்மா தனிய இருக்கிறா. அவனைத் தேடி முன்பே இரண்டு தரம் ஆட்கள் வந்து விசாரித்திருக்கிறார்கள். இந்தப் படம் பேப்பரில் வந்தால்? அதைவிட, அவனிடம் நாங்கள் ஒருவருமே கேட்கவில்லையே! ஆனால் நான் வாய் திறந்து, நாள் கடந்து, அதற்குள் அவனை விமானத்தில் ஏற்றிவிட்டால்? நான் அவர்களின் அங்கத்தவன்கூட இல்லை.

"ஐ ஆம் வொறி" என்றேன். அவ்வளவு ஆங்கிலம்தான் வந்தது.

யாரும் சமாதானம் சொல்லவில்லை. பேசாமல் காத்திருந்தார்கள். பிறகு உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். நெட்டைப் பெரியவர் முகம் சிவந்து, தனக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் காத்திருப்பேன் என்றார். அன்ரி அங்கேயே எழுதி வாசித்தார்: ஒரு நண்பருக்கு மனம் ஒப்பவில்லை, அவரோடு சேர்ந்து காத்திருக்கிறோம். என் கவலைக்காக ஒரு கூட்டம் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

போனில் கேட்கப் பயம். யார் காதில் விழுமோ? வியாழன்வரை நாலு நாள் நான் சோறு தின்னவில்லை. முகாம் வாசலில் அவன் பெயரைச் சொன்னேன். உள்ளே விட்டார்கள். இருந்தான்.

"படத்தைப் போடாதை, மச்சான். அம்மா பாவம்" என்றான்.

"அப்ப நிக்க வேண்டாமோ?"

"ஆர் வேண்டாமெண்டது? நில்லுங்கோ. எனக்கும் ஒரு கதிரையைப் போட்டுவிடுங்கோ, நேரம் கிடைச்சால் வாறன்."

பகிடியாகத்தான் சொன்னான். நானும் பகிடியாகத்தான் போய்ச் சொன்னேன். அவர்கள் அப்படியே செய்துவிட்டார்கள்! அடுத்த புதன் மண்டபத்து மடிப்புக் கதிரை ஒன்று ரயிலேறி வந்தது, தூக்கி வந்தவர் நெட்டைப் பெரியவர். அலுவலக வாசலில் கதிரையை விரித்து, அதைச் சுற்றிப் பேசாமல் நின்றோம். பெயர் இல்லை, படம் இல்லை. போகிறவர்கள் யாருக்கு என்று கேட்டால், உள்ளே இருக்கும் ஒருவருக்கு என்போம். வெயில், மழை, எத்தனை புதன் என்று நினைவில்லை.

அந்தக் கதிரைதான் அவனை விடுவித்தது என்று சொல்லமாட்டேன். சட்டத்தரணி ஓடித் திரிந்தார். ஆனால் வெளியே வந்த கிழமை அவன் முதலில் கேட்டது, "எங்க என்ர கதிரை?" இருந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஆடுது" என்று குறை வேறு சொன்னான். இப்போது தூரத்தில், ட்ருகனினா என்ற ஊரில் ஒரு பொருட்கிடங்கில் மேற்பார்வையாளன். முழுப்பெயரும் போட்ட மேற்சட்டையோடு படம் எடுத்து அனுப்புகிறான். அம்மாவையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டான்.

நேற்று ஏழாம் வீட்டுக் கதவைத் தட்டினேன், கையில் ஒரு பெட்டி இஞ்சி பிஸ்கட். அன்றைக்குக் கை ஏன் பாதியில் நின்றது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். கொஞ்சம் கஷ்டம்தான்.

"நான் வேணாம்னு சொல்லல தம்பி" என்றார் அந்த அம்மா கடைசியில். "இவருக்கு மூச்சு மெஷின் ஓடுது. சோலார் போடுறப்ப கரண்ட கட் பண்ணுவாங்களாமே, எவ்வளவு நேரம்? அதை எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

ரஞ்சன் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அது முடிஞ்ச விசயமெல்லே, பாஸ் பண்ணியாச்சு" என்றார்.

"ஓம் அண்ணை, நாங்கள் முடிச்சிட்டம். அந்த அம்மா இன்னும் முடிக்கேல்லை."

அவர் பெருமூச்சு விட்டு, "சரி, ஞாயிறு திரும்ப இருந்து கதைப்பம்" என்றார்.

ஜோன் அன்ரி காலமாகிவிட்டார். மண்டபம் இருந்த இடத்தில் ஆறு மாடி நிற்கிறது. மிச்சப் பேர் எங்கோ ஒரு நூலக அறையில் கூடுவதாகக் கேள்வி. புதன்கிழமைகளில் அந்த அலுவலக வாசலில் யாரும் நிற்பதில்லை. மண்டபத்தைக் காலி செய்தபோது கொடுத்த அந்த ஒரு கதிரை மட்டும் எங்கள் குசினியில், சாப்பாட்டு மேசையடியில் இருக்கிறது. இப்போதும் ஆடுகிறது. ஞாயிறு அதைக் கூட்டத்துக்குத் தூக்கிப் போக வேண்டும், ஏழாம் வீட்டு ஐயாவும் வருவாராம். போகுமுன் அதன் காலுக்கு ஒரு கட்டை வைக்க வேண்டும். விழுந்துவிடுவாரோ என்று எனக்கு இப்போதே கவலை.