காரக்காரியும் சாதுவும்

அத்தை எந்தச் செடியையும் முதலில் நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு ஜன்னல் வழியே துப்புவார். இருபது வருடமாகக் கீழே சைக்கிள் நிறுத்துகிறவர்கள் அந்த ஜன்னலுக்கு நேரே மட்டும் நிறுத்தமாட்டார்கள்.

அப்பாவின் அக்கா அவர். படித்தது எட்டாம் வகுப்பு. கல்லூரித் தாவரவியல் துறையில், காய்ந்த செடிகளைத் தடித்த தாளில் பசை போட்டு ஒட்டும் வேலை. அதே கல்லூரியில் நான் வணிகவியல் படித்தேன். குடும்பத்தின் முதல் பட்டதாரி. பசை வாளியோடு அத்தை எதிரே வந்தால் நான் வேறு படிக்கட்டில் இறங்கிவிடுவேன். அவரும் கண்டுகொள்ளமாட்டார். எங்களுக்குள் நல்ல ஒத்துழைப்பு இருந்தது.

பாறை இடுக்கில் முளைக்கும் இரண்டு செடிகளில்தான் அத்தை கெட்டிக்காரர். இரண்டும் விரல் உயரம்கூட இருக்காது. இரண்டுக்கும் நீர் கோத்த குண்டு இலை, ஐந்து இதழில் மஞ்சள் பூ. படித்தவர்களே குழம்புவார்கள். ஒன்றின் இலை மிளகுபோலக் காரமாக இருக்கும்; மற்றதில் ருசியே இல்லை. காரக்காரி, சாது என்று அத்தை பெயர் வைத்திருந்தார். பேராசிரியர் லென்ஸில் அரை மணி நேரம் பார்த்துச் சொல்வதை அத்தை துப்புவதற்குள் சொல்லிவிடுவார். துறை பீரோவில் அடுக்கும் ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘இனம் கண்டவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. இந்த இரண்டு செடிகளுக்கு மட்டும் அதில் அத்தை தன் பெயரை எழுதலாம் என்றார் பேராசிரியர்.

“என் பேரு பீரோவுக்குள்ள போயிருச்சுடா தம்பி” என்று அப்பாவிடம் வந்து நின்றார் அத்தை.

“நகை போக வேண்டிய எடம்” என்றார் அப்பா.

இந்தச் செடிகளை அப்படியே காகிதத்துக்குள் வைத்து அழுத்தினால் சாகாது. உள்ளிருக்கும் ஈரத்தைக் குடித்தே வாரக்கணக்கில் வளரும். அதனால் முதலில் கொதிநீரில் முக்கவேண்டும். ஒருமுறை புதிய பாறையிலிருந்து ஒரு கட்டு வந்தது. வெந்நீர் தயாராக இருந்ததால் அத்தை முக்கிவிட்டுப் பிறகு ருசி பார்த்தார். காரமில்லை. பன்னிரண்டு தாளிலும் சாது என்று எழுதிப் பெயர் போட்டார். அந்தப் பக்கம் சாது இருப்பதாக அதுவரை யாரும் சொன்னதில்லை. பேராசிரியர் பூரித்துப்போய் ஒரு தாளை வெளியூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து, முக்க மறந்த ஒரு செடி காகிதத்துக்குள் மொட்டு விட்டிருந்தது. அத்தை கடித்தார். காரம். மற்றவற்றின் காரத்தை வெந்நீர் எடுத்திருக்கிறது.

“யாருக்கும் தெரியாதுல்ல? கம்முனு இரு அக்கா. சொன்னா கட்டத்துல பேரு போயிரும்” என்றார் அப்பா.

அத்தை என்னைப் பார்த்தார். “நீ படிச்சவன், சொல்லு.”

“யோசிச்சுச் செய்ங்க அத்த.”

“இதுக்குத்தான் மூணு வருசமா?”

மறுநாள் சொல்லிவிட்டார். பேராசிரியர் எல்லாவற்றையும் லென்ஸில் பார்த்து ஒப்புக்கொண்டார். “திருத்தி ஒட்டிருங்கம்மா. இனிமே ஒட்டுறத மட்டும் பாத்துக்குங்க.” அப்பா சொன்னபடியே ஆயிற்று. அன்றைக்கு நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அத்தை பன்னிரண்டு திருத்தச் சீட்டுகள் எழுதினார். பதினொன்றை ஒட்டினார். வெளியூர்த் தாளுக்குப் பேராசிரியர்தான் எழுதவேண்டும். பூரித்து எழுதிய இடத்துக்கே மறுபடி எழுத அவருக்குக் கை வரவில்லை. அத்தை மாதம் ஒருமுறை கேட்டார். அவர் மாதம் ஒருமுறை “பாக்கலாம்” என்றார். பிறகு அவர் ஓய்வு பெற்றார். அத்தையும் ஓய்வு பெற்றார். போன வருடம் இறந்தார்.

அருங்காட்சியகத்துக்கு நான் எழுதிப் பார்த்தேன். செடியைப் பார்த்து இனம் காணத் தெரிந்தவர் கையெழுத்திட்டால் திருத்திக்கொள்வதாகப் பதில் வந்தது. எனக்குப் பட்டம் இருக்கிறது. எது காரக்காரி, எது சாது என்று தெரியாது. அத்தை எழுதிய பன்னிரண்டாவது சீட்டு என்னிடம் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு காரக்காரி, அத்தையின் பெயரில், இன்னும் சாதுவாகவே இருக்கிறாள்.