எலிகள் இளைத்த மாத்திரை

அந்த மாத்திரையை நினைத்தாலே இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. குசும்பா என்கிற பூச்செடியின் விதை எண்ணெயிலிருந்து எடுத்த ஒருவகைக் கொழுப்பை மஞ்சள் உறைக்குள் அடைத்திருப்பார்கள். டப்பாவைத் திறந்தால், வடை சுட்டு நாலு நாள் மூடிவைத்த எண்ணெயின் வாடை வரும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து அதைக் கொண்டுவந்தவர், என் மகளுக்கு மாமியாராக வரவிருந்த அம்மாள். நிச்சயதார்த்தம் முடிந்து பத்து நாள் இருக்கும். காட்டூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தாம்பூலத் தட்டில் வெற்றிலை பழத்தோடு மூன்று டப்பாக்களையும் வைத்து நீட்டினார். தாம்பூலத் தட்டில்!

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. பொண்ணு லட்சணமா இருக்கு, கொஞ்சம் பூசினாப்ல இருக்கு, அவ்வளவுதான். முகூர்த்தத்துக்குள்ள இளைச்சிட்டா போட்டோவுல நல்லா இருக்கும். முள்ளை முள்ளால எடுக்குற மாதிரி, கொழுப்பைக் கொழுப்பாலயே கரைக்கிறது. நானே ஏஜெண்டுதான். நீங்க காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி எடுக்கிறவங்க, நீங்களே சொல்லுங்க, இதுல சயின்ஸ் இருக்குல்ல?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். இதற்கு முன் இரண்டு வரன்கள் 'பொண்ணு குண்டு' என்று தட்டிப்போயிருந்தன. நான் சிரித்துக்கொண்டே, "இருக்குங்க" என்றேன்.

மாணவர்களிடம் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டுக் கேட்டே பேர் வாங்கினவள் நான். அந்த வாரமே கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். எலிகள் நன்றாகவே இளைத்திருந்தன. எலிக்குக் கல்யாணம் என்றால் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். மனிதர்களிடம் வந்ததும் கதை மாறியது. சில ஆய்வுகளில் கண்ணுக்கே தெரியாத அளவு எடை குறைந்திருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. குமட்டலும் வயிற்றுப்போக்கும் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. கல்லீரலுக்கு நல்லதா என்றும் சிலர் சந்தேகம் எழுப்பியிருந்தார்கள். கணினியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சம்பந்தி மனசு கோணக்கூடாது, இரண்டு மாதம்தானே என்று வாயை மூடிக்கொண்டேன். என்னைப் படித்த முட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. படித்த கோழை.

மகள் வேளைக்கு ஒன்று தவறாமல் விழுங்கினாள். அவள் ஏப்பம் விட்டால் அறையே நாறும். தராசு முள் மட்டும் அசையவில்லை. ஐந்தாவது வாரம், துவாக்குடிக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் வயிறு கலக்கி, பாதி வழியில் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். கதவு திறப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. அந்த வீட்டம்மா கொடுத்த பழைய நைட்டியோடு ஆட்டோவில் திரும்பி வந்தாள். குளியலறையில் சுடிதாரை அலசிக்கொண்டே கேட்டாள்: "இன்னும் கொஞ்ச நாள்ல பழகிடும்லம்மா?"

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. "நிறுத்திடு, உனக்கு ஒத்துக்கலை" என்றேன். அப்போதும் முழுசாகச் சொல்லவில்லை.

மறுநாள் மீதி டப்பாக்களோடு ஸ்ரீரங்கம் போனேன். சம்பந்தியம்மாள் வாங்க மறுத்தார். "நாலு நாள் விட்டுட்டு மறுபடி போடச் சொல்லுங்க" என்றவர், பெருமையாகத் தன் போனை நீட்டினார். மாத்திரை விற்பதற்கென்றே வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு. அதில் நிச்சயதார்த்தப் பட்டுப்புடவையில் என் படம். கீழே, 'கல்லூரிப் பேராசிரியையே தன் மகளுக்குக் கொடுக்கிறார். இதைவிட என்ன அறிவியல் ஆதாரம் வேண்டும்?'

"உங்க படம் போட்டப்புறம்தான் சூடா போகுது சம்பந்தி. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்குற பொண்ணுகூட வாங்கிட்டுப் போயிருக்கு."

எலியும் இல்லை, ஆய்வும் இல்லை. கடைசியில் ஆதாரமே நான்தான்.

என்னையும் குழுவில் சேர்க்கச் சொன்னேன். நாலு நல்ல வார்த்தை எழுதுவேன் என்று நினைத்து அவரும் சேர்த்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: 'படத்தில் இருப்பவள் நான்தான். இது எலியை இளைக்க வைத்தது. மனிதர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்ததாக ஆதாரம் இல்லை. முதல் வாரமே படித்துத் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு வயிறு கெட்டதுதான் மிச்சம். பால் கொடுப்பவர்கள் உடனே நிறுத்துங்கள்.'

சம்பந்தியம்மாள் படித்து முடித்தபோது முகம் சிறுத்துப்போனது. "கல்யாணத்தைப் பத்தி இனிமே எங்க வீட்டு ஆம்பளைங்க பேசுவாங்க" என்றார். டப்பாக்களை அவர் வாசலிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிட்ட திமிர் கொஞ்சம் இருந்தது.

மகள் கூடத்தில் போனோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழுவில் அவளையும் சேர்த்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"முதல் வாரமே படிச்சிட்டியாம்மா?"

தலையாட்டினேன்.

"யாருன்னே தெரியாத அத்தனை பேருக்குச் சொல்ல முடிஞ்சுது. எங்கிட்ட சொல்ல முடியலையா?"