கரியம்மாள்களை ஒன்றாக்கிய விதி

பகலவன் எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடுகிறவன் அல்லன். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்கிய அறக்கட்டளை அலுவலகத்தில் அவன் பதினோரு ஆண்டுகளாக ஒப்பந்தக் கணினி இயக்குபவன். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தங்கள், நிரந்தரப் பணி கேட்டு எழுதிய விண்ணப்பங்கள், வந்த பதில்கள், வராத பதில்களுக்காக அனுப்பிய நினைவூட்டல்கள் எல்லாம் துளையிட்டுக் கோக்கப்பட்டு அலமாரியின் அடித்தட்டில் கிடந்தன. படித்தது பன்னிரண்டாம் வகுப்பு வரை. தரவுத்தளம் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பேசியில் காணொளி பார்த்து, எழுதி, பிழைபட்டு, மறுபடி எழுதிக் கற்றதுதான். அவனுக்குப் பின்னால் பட்டத்தோடு வந்து சேர்ந்த இருவர் நிரந்தரமாகிவிட்டார்கள். அவர்களுக்கு வேலை பழக்கியவன் அவனே.

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு முடியும் தறுவாயில் உள் ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடேறியிருந்தது. சாலை மறியல் என்றால் உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. டீக்கடையிலும் பேருந்திலும் ஒரே பேச்சு: நாம் எத்தனை பேர், நமக்குக் கிடைத்தது எத்தனை இடம்? அந்தக் கேள்வி அறக்கட்டளையின் வாசலுக்கும் வந்தது. திருநாவலூர், மணலூர்பேட்டை, மலைமேல் வெள்ளிமலை ஆகிய மூன்று இடங்களில் அறக்கட்டளை மாணவியர் விடுதி நடத்தியது. எந்தச் சமூகத்தில் எத்தனை பிள்ளைகள் பயன்பெற்றார்கள் என்று நன்கொடையாளர்கள் கேட்டார்கள். சொல்வதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. ஒரு விடுதி எக்செல் தாளில் பதிந்திருந்தது. இன்னொன்று பழைய மென்பொருளில். மலை விடுதி இரண்டிலும் பாதிப் பாதி.

இவை அனைத்தையும் எடுத்து, சுத்தம் செய்து, ஒரே தரவுத்தளத்தில் ஏற்றும் 'பைப்லைன்' என்ற நிரல்வழியைக் கட்டுமாறு திட்ட மேலாளர் அறிவுச்செல்வன் பகலவனிடம் சொன்னார். முடித்துக் கொடுத்தால் நிரந்தரப் பணிக்குத் தாமே பரிந்துரைப்பதாகவும் சொன்னார். இதைப் பகலவன் முன்பும் கேட்டிருக்கிறான். ஆனாலும் தலையாட்டினான்.

கணக்குப் பிரிவு விஜயலட்சுமிதான் அவனைக் கேலி செய்யாமல் விடவில்லை. "இன்னா பகலவா, பைப்லைன் போடுறியாமே. கொழாயில தண்ணி வருதா, காத்து வருதா?"

"காத்துதான்க்கா வருது. தண்ணி உங்க செக்ஷன்ல புடிச்சி வச்சிக்கினு இருக்கீங்க."

"போடா, வாய் மட்டும் நிரந்தரம் உனக்கு."

வேலையின் முதல் படியில், வந்த கோப்புகளை ஓர் எழுத்தும் மாற்றாமல் தனியே பத்திரப்படுத்தினான். அது அவன் சுபாவம். இரண்டாம் படியில் தேதிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தான்; தேவையற்ற நெடுவரிசைப் பத்திகளை நீக்கினான். 'குறிப்பு' என்றொரு பத்தி எல்லாத் தாள்களிலும் இருந்தது. சமவெளி விடுதிகளில் அது காலியாகவோ ஒரு கோடாகவோ கிடந்ததால் அதையும் நீக்கினான். மூன்றாம் படிதான் சிக்கல். ஒரே பிள்ளையின் பெயரை ஆண்டுதோறும் புதிதாகப் பதிந்திருந்தார்கள். சேர்க்கை எண்ணும் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, ஊராட்சி நான்கும் ஒத்திருந்தால் ஒரே ஆளாகக் கொள்ளலாம் என்று அறிவுச்செல்வன் மின்னஞ்சலில் விதி வகுத்துத் தந்தார். பகலவன் திருநாவலூர்ப் பதிவுகளை வைத்துச் சோதித்தான். ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. மணலூர்பேட்டையிலும் அப்படியே. மலைப் பதிவுகளைச் சோதிக்க அவகாசம் தரவில்லை, அவனும் கேட்கவில்லை.

அறிக்கை ஜனவரியில் நிர்வாகக் குழுவுக்குப் போனது. பாராட்டி ஒரு வரி வந்தது. அடுத்த வாரமே அரிசிக் கணக்கில் ஒரு புகாரும் வந்தது. தொற்றுக்காலத்தில் விடுதிகள் பூட்டிக் கிடந்த மாதங்களில் பிள்ளைகளின் வீடுகளுக்கு அரிசி கொடுத்தார்கள். மலை விடுதிக் காப்பாளர் தைலம்மாள் அறுபத்தெட்டுப் பேருக்கு வாங்கியிருந்தார். தரவுத்தளமோ ஐம்பத்தொரு பேர்தான் என்றது. பதினேழு பேர் போலிப் பெயர் என்று முடிவாகி, தைலம்மாளிடமிருந்து சாவியைப் பறித்துப் பணியிடைநீக்கம் செய்தார்கள்.

"பதினஞ்சி வருசமா மலையில கெடந்த பொம்பள," என்றாள் விஜயலட்சுமி. "உன் கம்ப்யூட்டரு ஒரே நாள்ல திருடியாக்கிடுச்சி பாரு." அதில் கேலி இல்லை.

பகலவன் அன்று நிரலை இருமுறை ஓட்டிப் பார்த்தான். ஐம்பத்தொன்றுதான் வந்தது. இயந்திரத்தில் கோளாறில்லை என்பது அவனுக்கு நிம்மதி தரவில்லை. சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினான்.

மேல்வகுப்புகளுக்குப் பள்ளி திறந்திருந்ததால் விடுதியில் பெரிய பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். சாவி போனாலும் தைலம்மாள் போகவில்லை. தற்காலிகமாக வந்திருந்த பெண்ணுக்குச் சமையல் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். பகலவன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான்.

"ஓ, எண்ணிப் பார்த்த தம்பி நீங்கதானா? வாங்க. சாப்ட்டு எண்ணுங்க, தெம்பா இருக்கும்."

அவன் தரையில் உட்கார்ந்தான். சோறு பரிமாறும் நேரம். தைலம்மாள் வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஓடை வூட்டுக் கரியம்மா, மேட்டு வூட்டுக் கரியம்மா, பலாமரத்து வூட்டுக் கரியம்மா... தட்டு எடுத்துக்கினு வாங்கடி!"

மூன்று பெண்கள் வந்தார்கள். பகலவன் நிமிர்ந்து மூவரையும் பார்த்தான்.

"மூணு பேருமே கரியம்மாவா?"

"தலப்பொண்ணுன்னா சாமி பேருதான் தம்பி. இங்க வழக்கம் அது."

"அப்பா பேரு?"

"சடையன்," என்றாள் ஒருத்தி. "சடையன்," என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் சிரித்துவிட்டாள். "எங்கப்பாவும் சடையன்தான் சார். வேற சடையன்."

பிறந்த தேதியை அவன் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டில் பிறந்த பிள்ளைகள். ஒரே வகுப்பில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எல்லாருக்கும் ஒரே ஆண்டு, ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார். பகலவனுக்கே அப்படித்தான். எண்பத்தேழு செப்டம்பரில், இடஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டு மறித்த போராட்ட வாரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போக வழியின்றி வீட்டிலேயே அவனைப் பெற்றாள் அவன் தாய். சான்றிதழ் அவன் ஜூனில் பிறந்ததாகச் சொல்கிறது. இதையெல்லாம் அறிந்தவன், பிறந்த தேதியை நம்பி ஆட்களை ஒன்றாக்கியிருக்கிறான்.

"ஒரே பேரா இருந்தா எழுதும்போது எப்படிக்கா பிரிப்பீங்க?"

"வூட்டு அடையாளம் போடுவனே, குறிப்புன்னு இருக்கற எடத்துல. நீங்க பார்க்கலியா?"

அவன் பார்க்கவில்லை. திங்களன்று, தொடாமல் வைத்திருந்த மூலக் கோப்புகளைத் திறந்தான். குறிப்புப் பத்தியில் ஓடை வீடும் மேட்டு வீடும் வரிசையாக இருந்தன. அந்தப் பத்தியையும் விதியில் சேர்த்து மலைப் பதிவுகளை முதலிலிருந்து ஏற்றினான். அறுபத்தெட்டு.

அறிவுச்செல்வன் திரையில் அந்த எண்ணைப் பார்த்தார். "குழுவுக்குப் போன அறிக்கைப்பா இது. தப்புன்னா யாரு தப்புன்னு கேப்பாங்க."

"விதி நீங்க குடுத்தது சார். மெயில் இருக்குது. குறிப்ப எடுத்தது நான். ரெண்டையும் எழுதிடறேன்."

"உன் நிரந்தர ஆர்டர இந்த மாசம் குழுவுல வெக்கலாம்னு இருந்தேன். கொஞ்சம் பொறுத்து எழுதினா இன்னா?"

"அந்தம்மா சாவி இல்லாம உக்காந்துக்கினு இருக்காங்க சார்."

கடிதத்தை அன்றே எழுதினான். விதி, சோதனை, நீக்கிய பத்தி, மறு ஏற்றம் என்று பிழை நேர்ந்த முறையை வரிசையாக விளக்கி, மின்னஞ்சலின் நகலையும் இணைத்தான்.

மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. தைலம்மாளின் பணியிடைநீக்கம் ரத்து. காரணம்: 'ஒப்பந்தக் கணினி இயக்குபவரின் கவனக்குறைவு.' விதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவனுடைய நிரந்தரப் பணி அடுத்த ஆண்டுப் பரிசீலனைக்குத் தள்ளப்பட்டது. பகலவன் நகலெடுத்துத் துளையிட்டுக் கோத்தான். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

ஆணையையும் சாவியையும் கொண்டுபோய்க் கொடுக்க அவனையே அனுப்பினார்கள். தைலம்மாள் ஆணையை நிதானமாக வாசித்துவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். முகத்தில் மகிழ்ச்சி ஏதும் தெரியவில்லை.

"திருடின்னு சொன்னது மல பூரா போயிடுச்சி தம்பி. சந்தையில ஒருத்தி என்னப் பாத்ததும் கைய மூடிக்கினு காசு எண்றா. இல்லன்னு நீங்க எழுதுன இந்தக் காயிதத்த யாரு ஊரு ஊரா எடுத்துக்கினு போவா?"

கீழே மறியல் என்று திரும்பும் பேருந்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். தைலம்மாள் உள்ளே போய் அரிசி அளக்கத் தொடங்கினார். அவன் வாசலில் உட்கார்ந்தான். தண்ணீருக்கு வந்த ஓர் ஆள் அவனைப் பார்த்து, யார் என்று கேட்டான்.

"கணக்கு எழுதறவன். தப்பா எழுதிட்டேங்க. அந்தம்மா ஒண்ணும் எடுக்கல," என்றான் பகலவன்.

அந்த ஆள் குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தான். கேட்டானோ, கேட்கவில்லையோ.