கடைசிக் கூறு

அந்துருண்டை வாசனை எங்கிருந்தாவது வந்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மற்றவர்களுக்குப் பட்டுச்சேலை ஞாபகம் வரும். எனக்கு வருவது, கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த பள்ளிக்கூடமும், அதன் ஹெட்மாஸ்டர் அறையில் பூட்டியே கிடந்த மர அலமாரியும்தான். அதில் மேலே மூன்று தட்டு நிறைய மலையாளப் புத்தகங்கள். தமிழ் வழியில் படித்த "பி டிவிஷன்" பிள்ளைகளான எங்களுக்கு அடித்தட்டில் ஒரு கையளவு தமிழ்ப் புத்தகங்கள், அவற்றிலும் பாதி சர்க்கரை நோய்க்கு வைத்தியம் சொல்பவை. பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை நோயைப் பற்றி என்ன கவலை என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த அடித்தட்டிலிருந்துதான் எங்கள் தமிழ் டீச்சர் ஒரு நாவலை உருவி எடுத்து வந்தார். ஒரு சிற்றூரில் மேட்டுத்தெருப் பிள்ளைகளும் பள்ளத்தெருப் பிள்ளைகளும் ஒரு விளையாட்டு மைதானத்துக்காக அடித்துக்கொள்கிற கதை. எங்கள் வயதுப் பிள்ளைகள் எங்களைப் போலவே கெட்ட வார்த்தை பேசி, எங்களைப் போலவே காரணமில்லாமல் அழுத ஒரு புத்தகத்தை நாங்கள் அதுவரை பார்த்ததே இல்லை. ஒரு மாதத்துக்குள் எல்லோரும் படித்து "ஆஸ்வாதனக் குறிப்பு" எழுத வேண்டும் என்றார் டீச்சர். படித்தபோது மனதில் என்ன பட்டது என்று ஒரு பக்கம் எழுதித் தருவதற்குக் கேரளப் பள்ளிக்கூடங்களில் அதுதான் பெயர். பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர், புத்தகம் ஒன்று.

அதற்கு வழி கண்டுபிடித்தது நான்தான். அட்டையைப் பிரித்து, தையல் நூலை பிளேடால் அறுத்து, புத்தகத்தை ஐந்தாகப் பிரித்தேன். சந்தையில் கத்தரிக்காயைக் குவித்து வைத்து விற்பது போல இருந்ததால் அதற்குக் "கூறு" என்று பெயர் வைத்தோம். ஒரு கூறை ஒரு நாள்தான் வைத்திருக்கலாம், பிறகு அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். முதல் கூறு கிடைக்கும்வரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? கையில் கிடைத்த கூறைப் படித்தோம். அதில்தான் வினை இருந்தது. முதல் இரண்டு கூறுகள் மேட்டுத்தெரு வீடுகளில் நடப்பவை. மூன்றும் நான்கும் பள்ளத்தெருவில். எதை முதலில் படித்தோமோ அந்தத் தெருவுக்கே நாங்கள் வாரிசாகிவிட்டோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் தின்றவர்கள் நடுவில் பையை வைத்துக் கோடு கிழித்தோம். இருபது நாளில் வகுப்பு இரண்டாகிவிட்டது.

தங்கமணி பள்ளத்தெரு. படித்த கூறால் மட்டுமல்ல. அவளுடைய அப்பா எங்கள் தோப்பில் கள் இறக்குகிறவர். என்னுடைய அப்பா தோப்புக்காரர், அதோடு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.வின் தலைவர். ஆனாலும் எனக்கு வகுப்பில் அவளை விட்டால் வேறு சிநேகிதி கிடையாது. கடைசிக் கூறு என்னிடம் இருந்தது, எனக்குப் பிறகு அவள் முறை. கதை முடிந்துவிடக் கூடாதே என்று ஒன்பது நாள் அதை நான் பிடித்து வைத்திருந்தேன்.

"உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு புள்ள. நாளைக்காச்சும் கொண்டா. நோட்டு எழுதோணும்" என்று மூன்று முறை கேட்டாள்.

"நாளைக்குக் கண்டிப்பாத் தாறேன்" என்று மூன்று முறையும் சொன்னேன். கடைசிக் கூறைப் படிக்காமலே அவள் குறிப்பை எழுதிக் கொடுத்தாள்.

அதற்கடுத்த நாள் மதிய இடைவேளையில் மைதானத்தில் எங்கள் இரண்டு கட்சிக்கும் சண்டை வந்து, கல் பறந்தது. பஞ்சாயத்து மெம்பர் மகனுக்குப் புருவம் கிழிந்து மூன்று தையல். எறிந்தது யாரென்று எறிந்தவனுக்கே தெரிந்திருக்காது. தங்கமணி அப்போது பள்ளியில் மதியம் ஊற்றும் "உச்சக்கஞ்சி" வரிசையில் தட்டோடு நின்றிருந்தாள். நானும் அவள் பின்னால் நின்றிருந்தேன்.

ஆனால் மெம்பருக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டும். சண்டை அந்த நாவலால் வந்தது என்று கேள்விப்பட்ட ஹெட்மாஸ்டர் எங்கள் பைகளை எல்லாம் கவிழ்த்துப் பார்த்து நான்கு கூறுகளைப் பிடித்தார். என் பையை மட்டும் தொடவில்லை. பி.டி.ஏ. தலைவர் மகளின் பையில் என்ன இருந்துவிடப் போகிறது!

பிறகு பி.டி.ஏ. கூட்டம் போட்டார்கள். நாங்கள் வராந்தாவில் வரிசையாக நிற்க, ஹெட்மாஸ்டர் தங்கமணியின் குறிப்பைக் கையில் எடுத்து ஒரே ஒரு வரியைப் படித்தார்: "நானாக இருந்தாலும் கல்லை எடுத்திருப்பேன்." அதற்கு முந்தைய வரியை அவர் படிக்கவே இல்லை. அவள் எழுதிக் காட்டியபோதே படித்திருந்ததால் எனக்கு அது மனப்பாடம்: "மேட்டுத்தெரு அடித்தால் விளையாட்டு, பள்ளத்தெரு அடித்தால் ரவுடித்தனம்." மனதில் பட்டதை எழுது என்று சொல்லிவிட்டு, எழுதியதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்ட அந்த அயோக்கியத்தனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. தற்காலிக வேலையில் இருந்த டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசை நாற்காலியில் இருந்த என் அப்பா, "அந்தப் புள்ளைக்கு எப்பவுமே வாய் சாஸ்திங்க" என்றார். எங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டவள் அவள்!

தங்கமணியின் அப்பா கதவருகே நின்றிருந்தார். அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை. "படிச்சுக் கிழிச்சது போதுமுங்க. டிசியக் குடுத்துருங்க, புள்ளைய நான் கூட்டிட்டுப் போறனுங்க" என்றார். ஒருவராவது வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே! அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். நான்கு கூறுகளும் கஞ்சி வேகிற அடுப்புக்குள் போயின.

நான் படித்து, கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு, பத்திரிகைகளில் எல்லோரையும் வைது எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் இப்போது பி டிவிஷன் இல்லை, பிள்ளை போதவில்லையாம். அலமாரியும் இல்லை; அது இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் மேசை. அந்தப் புத்தகத்தில் மிஞ்சியது என்னிடம் இருந்த கடைசிக் கூறு மட்டும்தான். போன மாதம் அதை எடுத்துக்கொண்டு கோவிந்தாபுரத்தில் இருக்கும் தங்கமணியின் வீட்டுக்குப் போனேன். ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்திவிட்டு, முழுவதையும் ஒரே மூச்சில் படித்தாள்.

நான்காம் கூறின் முடிவில் கல்லை எடுத்த பள்ளத்தெருப் பெண், கடைசிக் கூறில் அந்தக் கல்லோடு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நிற்பாள். "அவங்க அடிச்சா விளையாட்டு, நாங்க அடிச்சா குத்தமா?" என்று கேட்பாள். பிறகு கல்லைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள்.

தங்கமணி அந்தப் பக்கத்தை விரலால் தடவினாள். "நான் எழுதுனதத்தான் இவளும் கேக்கறா. இதக் காட்டியிருந்தா, பொஸ்தகத்துல இருக்கறதத்தான எம்புள்ளயும் எழுதியிருக்கான்னு என்ற அப்பன் கேட்டிருப்பாரு" என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அந்தக் கூட்டத்தன்னைக்கு இது எங்க இருந்துச்சு?"

"என்ற பையில. தோள்லதான் மாட்டியிருந்தேன். புத்தகத்த அறுத்தது நான்னு தெரிஞ்சுருமோன்னு பயம்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். தாள்களை அடுக்கித் தையல் மிஷின் டிராயருக்குள் வைத்து மூடினாள்.

"ஹெட்மாஸ்டரு, மெம்பரு, உன்ற அப்பா, எல்லாரையும் எழுதீருவே. இதையும் சேர்த்து எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன் தங்கமணி.